யாரிடம் பாடம்? தமிழ் மேடை நடிகர்களின் வாய்மொழியும் நாடக வரலாறும்

ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். பழைய தமிழ் மேடையில் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது பெயருக்கு முன்னால் இவற்றில் ஏதாவது ஒரு சொல் வந்து நிற்கும். டி.கே.எஸ். சகோதரர்களின் தந்தை நாடக உலகத்துக்கு ‘ஸ்திரீபார்ட்’ கண்ணுசாமிப் பிள்ளை. அவர் மேடையில் யாராக நடித்தார் என்பதை இந்த அடைமொழி சொல்வதில்லை. சந்திரமதியோ சாவித்திரியோ, அது அன்றைய இரவின் நாடகத்தைப் பொறுத்தது. அவர் கையில் என்ன தொழில் இருந்தது என்பதைத்தான் இது சொல்கிறது.

நடிகர்களுடன் நடக்கும் உரையாடல்களை நாடக வரலாற்றுக்கு மூலமாகப் பயன்படுத்த விரும்புவோர் இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது நல்லது. ‘அந்தப் பாத்திரத்தை எப்படி உள்வாங்கினீர்கள்?’ என்பது இன்று நேர்காணல்களில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. பாத்திரம் என்பது எழுதப்பட்ட நாடகத்துக்குள் இருப்பது. பார்ட் என்பது நடிகரிடம் இருப்பது. முன்னது நாடகாசிரியரின் ஆக்கம். பின்னது ஓர் ஆசிரியரிடம் பாடமாக வாங்கி, குரலிலும் உடம்பிலும் ஏற்றி, ஊர் ஊராக எடுத்துச் சென்று ஊதியம் பெறும் உடைமை. தமிழ் நடிகர் தம் வாழ்க்கையைச் சொல்லும்போது பெரும்பாலும் அந்த உடைமையின் கதையைத்தான் சொல்கிறார். கேட்பவர் பாத்திரத்தை மட்டும் தேடினால் அவர் கையில் சிக்குவது பாதி வரலாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழ் நாடக வரலாறு நெடுங்காலம் நூல்களை நம்பியே எழுதப்பட்டது. யார் எந்த நாடகத்தை எந்த ஆண்டில் இயற்றினார், எந்தக் காப்பியத்தைத் தழுவினார் என்பனவே அதன் கேள்விகள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) விஷயத்தில் இந்த முறை தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. அவர் இயற்றியவற்றில் ஒரு பகுதிதான் இன்று அச்சில் கிடைக்கிறது. கிடைப்பதும் நெடுங்காலம் நடிகர்களின் நினைவிலும் கைப்பிரதிகளிலும் வாழ்ந்த பின்பே நமக்கு வந்து சேர்ந்தது. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி ஆகியவை ஒரு நூற்றாண்டைக் கடந்து மேடையில் நிற்கின்றன. நூலகத்தைவிட அதற்குப் பெரிய காரணம், அவற்றைப் பாடமாக வாங்கிய நடிகர்கள்.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை தொடங்கியபோது சுவாமிகள் அங்கே ஆசிரியர். அந்த ஆண்டு சேர்ந்த சிறுவர்களில் ஒருவர் கண்ணுசாமிப் பிள்ளையின் மகன் டி.கே. சண்முகம், அப்போது அவருக்கு வயது ஆறு. 1972இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற அவரது நூல் சிறுவர்களே நடித்த பாலர் கம்பெனியை உள்ளிருந்து காட்டும் அரிய ஆவணம். சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்ற புகழ்பெற்ற செய்தியை வரலாற்றாசிரியர்கள் அவருடைய புலமைக்குச் சான்றாக எடுத்தாள்கிறார்கள். அதே செய்தியை நடிகரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. அபிமன்யுவாக நடிக்க சண்முகம் என்ற சிறுவன் இருந்தான். அவனுக்கேற்ற பார்ட் தேவைப்பட்டது. இங்கே நடிகருக்காக நாடகம் பிறந்திருக்கிறது.

பயில்முறைக் குழுக்களிலும் நிலைமை முற்றிலும் வேறல்ல. பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. மேடையில் ஊதியம் வாங்காதவர். 1891இல் அவர் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் நடித்தார்கள். ஆனாலும் அவரது ‘நாடக மேடை நினைவுகள்’ திரும்பத் திரும்ப வந்து நிற்பது, இந்த வேடத்துக்கு யார் பொருத்தம் என்ற இடத்தில்தான். சபையில் இன்னார் இருக்கிறார் என்பதை மனத்தில் வைத்து அவர் எழுதினார். அவருக்கு இணையாகப் பெண்வேடம் ஏற்றவர் சி. ரங்கவடிவேலு என்ற வழக்கறிஞர். ரங்கவடிவேலுவின் மறைவைப் பற்றி முதலியார் எழுதும்போது ஒரு நண்பரை இழந்த துயரமும் ஒரு பார்ட் மேடையை விட்டுப் போன வெறுமையும் பிரிக்க முடியாதபடி கலந்து நிற்கின்றன.

பார்ட் ஏன் இவ்வளவு வலுவான அலகு? விடை ஸ்பெஷல் நாடகம் இயங்கும் முறையில் இருக்கிறது. அங்கே நிலையான குழு இல்லை. திருவிழா நடத்தும் ஊரார் தனித்தனி நடிகர்களை ஓர் இரவுக்கு அமர்த்துவார்கள். ‘ஸ்பெஷல்’ என்ற பெயரே இப்படித் தனியாக அழைக்கப்படுவதால் வந்தது. மதுரையிலிருந்து ஒரு ராஜபார்ட் வருவார், புதுக்கோட்டையிலிருந்து ஒரு ஸ்திரீபார்ட் வருவார். நோட்டீஸில் இருவர் படமும் அச்சாகியிருக்கும். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. இரவு பத்து மணிக்குமேல் ஆர்மோனியம் சுருதி கூட்டினால் விடியும்வரை நாடகம் நடக்கும். தினைப்புனத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் காட்சியில் இருவரும் அன்றைக்குத்தான் நேருக்குநேர் சந்தித்தவர்களாக இருக்கலாம். ஆனால் பாட்டும் வசனமும் எங்கே முடிந்து எங்கே எதிராளி தொடங்குவார் என்பது இருவர் பாடத்திலும் இருக்கிறது. அந்தப் பொது நிலத்தில் நின்றுகொண்டுதான் அவர்கள் புதிதாகச் சொல்லெடுக்கிறார்கள். இப்படிப்பட்ட மேடையில் பார்ட்தான் நடிகரின் முதல். அதை வைத்தே அவருக்கு அழைப்பு வருகிறது, ஊதியம் பேசப்படுகிறது, சக நடிகரிடையே மதிப்பும் அமைகிறது.

குரல் இந்த முதலின் ஆதாரம். பாலர் கம்பெனிச் சிறுவர்களின் வாழ்வில் மகரக்கட்டு ஒரு கண்டம். குரல் உடையும் பருவத்தில், நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாகப் பாடிய பையன் இன்று எதற்கும் உதவாதவனாக நிற்பான். அதைத் தாண்டியவர்கள் வேறு பார்ட்டுக்கு நகர்வார்கள். தாண்டாதவர்கள் மேடையை விட்டே போவார்கள். கம்பெனி நடிகர்களின் நினைவுகளில் இந்தப் பருவம் அச்சத்தோடு பேசப்படுகிறது. நாடக நூல் எதிலும் இதற்கு இடம் இல்லை.

அடுத்து, கேட்பவர் யார் என்பது.

நடிகர் தாமே எழுதுவதும், எழுத்தாளர் ஒருவரிடம் சொல்வதும், ஆய்வாளரிடம் பேசுவதும் மூன்று வேறு வகைகள். விந்தன் எம்.ஆர். ராதாவுடன் உரையாடி தினமணி கதிரில் எழுதிய ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’ இரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1967இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை சென்று மீண்ட ஒருவரிடம் நாடே கேட்க விரும்பியது அந்தத் துப்பாக்கிச் சூட்டைப் பற்றி. விந்தன் அதை மட்டும் கேட்டு நிறுத்தவில்லை. அச்சகத் தொழிலாளியாக இருந்து எழுத்துக்கு வந்த அவர், பாலர் கம்பெனியில் வளர்ந்த ஒரு தொழிலாளியாக ராதாவைப் பார்த்தார். அதனால்தான் கம்பெனிகள், முதலாளிகள், சக நடிகர்கள் என ஒரு முழு உலகம் அந்தப் பேச்சில் திறந்துகொள்கிறது. ‘இரத்தக்கண்ணீர்’ நடிகரின் துணிச்சலுக்கு மேடைத் தொழிலில் அவர் பெற்ற பயிற்சி எவ்வளவு காரணம் என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

சிவாஜி கணேசனின் ‘எனது சுயசரிதை’ டி.எஸ். நாராயணசாமியின் கேள்விகளுக்குப் பதிலாக அமைந்தது. திரைப்புகழின் உச்சத்தைக் கண்ட ஒருவர் கடைசிக் காலத்தில் திரும்பிப் பார்த்துப் பேசும் நூல் அது. ஆனாலும் அதில் உயிரோட்டமான பகுதிகளில் ஒன்று, வீட்டைப் பிரிந்து சிறுவனாகக் கம்பெனியில் கழித்த ஆண்டுகள். முதலில் சீதை, பிறகு அதே இராமாயணத்தில் வேறு வேறு வேடங்கள் என்று அவர் சொல்லும் வரிசை, பார்ட்டுகளின் படிக்கட்டு. ஒரு நாடகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் நின்று பார்த்த பையனுக்கு முழு நாடகமும் பாடம். பின்னாளில் திரையில் அவர் காட்டிய நினைவாற்றலும் உச்சரிப்பும் அங்கே விளைந்தவை. ‘பாத்திரத்தை உணர்தல்’ என்ற சொற்களால் மட்டும் அவற்றை விளக்க முடியாது.

ஆய்வாளர்கள் கேட்டபோது மேலும் வேறு செய்திகள் கிடைத்தன. 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகிய அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர், அந்த அனுபவத்திலிருந்து எழுதிய நூலை 2005இல் வெளியிட்டார். மேடைக்கு வெளியே நடிகைகள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்பதற்கு அவர் ஓர் அத்தியாயமே ஒதுக்குகிறார். இரவெல்லாம் ஊரார் முன் நின்று பாடும் பெண், போகும் வழியிலும் வரும் வழியிலும் குடும்பப் பெண்ணுக்குரிய அடக்கத்தைக் கவனமாகக் கடைப்பிடிக்கிறார். ‘நாடகக்காரி’ என்ற ஏச்சும், ‘முறை தெரியாதவர்கள்’ என்ற ஊர்ப்பேச்சும் பின்னால் நிற்பதுதான் காரணம். பார்ட் நடிகனுக்குச் சொத்து. நடிகைக்கு அதே சொத்து பழியையும் சேர்த்துக் கொண்டு வருகிறது. நாடகப் பிரதியை எத்தனை முறை வாசித்தாலும் இந்த உண்மை கிடைத்திருக்காது.

நடிகரின் வாய்மொழியில் உள்ள பெரிய இடைவெளியும் இங்கேதான் கண்ணில் படுகிறது. கும்பகோணம் பாலாமணி பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகத்துக்கு வரும் கூட்டத்துக்காக ஓடிய ரயிலுக்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பெயர். அவரைப் பற்றி நாம் அறிந்தது பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய நினைவுகளிலிருந்து. மேடையில் ஆண்வேடமும் ஏற்றுப் புகழ்பெற்ற கே.பி. சுந்தராம்பாள், 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் அன்று நாடெங்கும் பேச்சானது. ஆனால் அவர் எப்படி ஆண்குரலைப் பழகினார், யாரிடம் எந்தப் பாடம் எடுத்தார் என்பதைக் கேட்டு விரிவாகப் பதிந்தவர்கள் குறைவு. மேடை நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் வாழ்ந்த வாழ்வும், 1933இல் கிட்டப்பா மறைந்த பின் பூண்ட வெள்ளுடையும் பல நூறு பக்கங்களை நிரப்பியிருக்கின்றன. நடிகரிடம் தொழிலைக் கேட்டவர்கள் நடிகையிடம் வாழ்க்கையைக் கேட்டார்கள்.

இந்தக் குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. பார்சி நாடக உலகைச் சேர்ந்த நால்வரின் தன்வரலாறுகளை ஆங்கிலத்தில் பெயர்த்து கேத்ரின் ஹான்சன் 2011இல் வெளியிட்டார். நால்வரும் ஆண்கள். அவர்களில் ஜெய்சங்கர் சுந்தரி பெண்வேடத்தாலேயே பெயர் பெற்றவர். மாஸ்டர் ஃபிதா ஹுசைனின் வரலாறு பிரதிபா அகர்வால் கேட்டுக் கேட்டு எழுதியது. பெண்வேடக்காரரின் குரல் பதிவாகியிருக்கிறது. பெண்ணின் குரலைத் தேட வேண்டியிருக்கிறது.

வாய்மொழியை நம்பலாமா என்ற ஐயத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்துப் பேசும் நடிகருக்கு ஆண்டுகள் குழம்பும். தம் வெற்றிகள் பெருகித் தெரியும். கைத்தட்டலை எதிர்பார்த்தே வாழ்ந்தவர் கேட்பவர் முன்னும் நடிப்பார். இவை எல்லாம் உண்மை. ஆனால் நோட்டீஸும் நாளேடும் தேதியையும் இடத்தையும் நடிகர் பட்டியலையும் தந்துவிடும். அவற்றுக்கு நடிகரின் நினைவை நம்பத் தேவையில்லை. பாடம் எப்படிக் கைமாறியது, எந்தப் பாட்டு எந்தச் சுருதியில் பாடப்பட்டது, எந்த ஊர் எதற்கு எழுந்து போகும், யாரோடு சேர்ந்தால் தர்க்கம் சூடுபிடிக்கும் என்பனவற்றுக்கு நோட்டீஸில் விடை இல்லை. தேதியில் தவறும் நடிகர், இவற்றில் தவறினால் மேடையில் ஓர் இரவுகூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. பல நடிகர்களின் பேச்சு ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்தில் சந்திக்கும்போது அந்தச் சான்றுக்கு வலு கூடுகிறது.

பாடத்தின் தடத்தைப் பின்பற்றினால், பிரதிகள் காட்டாத தொடர்ச்சிகளும் தெரிகின்றன. ஸ்திரீபார்ட் கண்ணுசாமிப் பிள்ளையின் மகன் ஔவையாராக வேடமிட்டு ‘ஔவை சண்முகம்’ ஆனார். திரையில் அதே ஔவையை 1953இல் ஏற்றவர் மேடை ராஜபார்ட்டாகவும் வாழ்ந்த சுந்தராம்பாள். சண்முகத்தின் நாடகக் குழுவில் சிறுவனாகப் பயின்ற கமல்ஹாசன் 1996இல் முதிய பெண் வேடமிட்ட படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தார். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏற்ற இந்தக் கிழவி வேடத்தின் வரலாற்றை எந்த ஒரு நாடக நூலிலும் வாசிக்க முடியாது. அது நடிகரிடமிருந்து நடிகருக்குச் சென்றது.

எனவே இனி நடக்கும் நேர்காணல்கள் சிலவற்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். வாழ்க்கை வரலாற்றைத் தொடங்குமுன் முதல் பாடத்தைக் கேட்கலாம்: யார் கொடுத்தது, எழுதிக் கொடுத்ததா, வாயால் சொன்னதா, எத்தனை நாளில் நெட்டுரு ஆயிற்று. நடிகைகளிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்கலாம். பாடிக்காட்டும் இடங்களை எழுத்தாக்கிவிட்டு ஒலிப்பதிவைத் தூக்கி எறியாமல் வைக்கலாம். முடிந்தால் கூடவே ஓர் ஆர்மோனியக் கலைஞரையும் உட்கார வைக்கலாம். நடிகர் மறந்த அடியை அவர் விரல்கள் எடுத்துக்கொடுக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் இறந்த புதுச்சேரியிலேயே அவர் பெயரில் ஒரு நிகழ்கலைப் பள்ளி பல்கலைக்கழகத்துக்குள் இயங்குகிறது. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் ராஜபார்ட்டுகளும் ஸ்திரீபார்ட்டுகளும் இன்றும் திருவிழா மேடைகளில் பாடுகிறார்கள். அந்தப் பள்ளிக்கும் இந்த மேடைகளுக்கும் இடையே ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு போய்வர ஆட்கள் வேண்டும்.