வழியில் இருந்த பணம்

மலைநாட்டு எல்லையில் வாழும் நம்மவர்க்குப் பணம் கையில் இருந்த நாளினும் வழியில் இருந்த நாளே மிகுதி எனலாம். தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து குடியேறிய நம் முன்னோர், ஊரிலிருந்த தாய்தந்தையர்க்கு மணியார்டர் அனுப்பியே கடமை தீர்த்தனர்.

அரசாங்கக் கருவூலங்கள் நடத்திவந்த மணியார்டர் பணியை 1880இல் அஞ்சல் துறை ஏற்றது. பிற்காலத்தில் 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய் கட்டணம். ஏழைக்கு அது சிறு தொகையன்று. எனினும் தபால்காரர் வாசலிலேயே பணத்தை எண்ணிக் கொடுத்துக் கைந்நாட்டு வாங்குவார். படிவத்தின் அடியில் நாலு வரி நலம் விசாரிக்கவும் இடமுண்டு. காகித மணியார்டர் 2015இல் முடிவுற்றது.

வீட்டுத் தவணைகளைக் காசோலையால் தீர்த்தவர் நம்மிடையே சிலரே. எங்கள் தந்தையார் அவர்களுள் ஒருவர். சமவெளியிலிருந்த ஓர் அலுவலகத்திற்கு அவர் கெடுவுக்கு முன்பே காசோலையைத் தபாலில் சேர்த்தார். ஆடி மழையில் மலைப்பாதை சரிந்தது, உறை கெடு கடந்து போய்ச் சேர்ந்தது, அபராதம் விழுந்தது. “கட்டிய நாள், நான் அனுப்பிய நாளா, நீங்கள் பெற்ற நாளா?” என்று அவர் கேட்டார். விடை கிடைக்கவில்லை.

இதையொத்த வினாவை உச்ச நீதிமன்றம் 1954இலேயே ஆராய்ந்தது. ஔந்து சமஸ்தானத்து ஓகலே கண்ணாடித் தொழிற்சாலை, இந்திய அரசாங்கத்திற்கு விற்ற பொருள்களுக்குரிய பணத்தைக் காசோலையாக அனுப்பக் கேட்டிருந்தது. தில்லியில் தபாலிற் சேர்த்தபோதே அப்பணம் பெறப்பட்டதாகும் என்பது தீர்ப்பு. கேட்டு வாங்குபவருக்குத் தபால் நிலையமே முகவராம்; கேளாதிருந்தால் அது அனுப்புபவரின் முகவர். வழக்கு வருமான வரி பற்றியதே. ஆயினும் தந்தையாரைக் காசோலை அனுப்பச் சொன்னது அந்த அலுவலகந்தானா என்று அன்று எவரேனும் வினவியிருக்கலாம் அல்லவா?

இன்றோ 2016இல் வந்த யூ.பி.ஐ. முறையால் கட்டணம் கண்ணிமைப்பொழுதில் செல்கிறது. நாளும் நிமிடமும் பதிவாகின்றன. கைப்பேசி பழகாத முதியோர்க்குக் கேரளத்தில் 2002இல் தோன்றிய அட்சயா மையங்கள் துணை. ஆயினும் மழைக்காலத்தில் மலையில் அலைவரிசை அறுந்தால் பணம் மீண்டும் வழியில் நின்றுவிடுகிறது: கணக்கில் கழிந்திருக்கும், உரியவரிடம் சேர்ந்திருக்காது. இங்கேதான் பெரிய மாறுதல். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, தனியொருவர் கணக்குக்கு அனுப்பியது சேராவிடில் மறுநாளுக்குள்ளும், வணிகர்க்குச் செலுத்தியது உறுதியாகாவிடில் 5 நாளுக்குள்ளும் பணம் தானே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை உண்டு. தாமதத்தின் சுமை அனுப்பியவர் தலையில் மட்டும் விழுவதில்லை. இவ்விதியை அறியாமல், போனது போகட்டும் என்று இருந்துவிடும் குடும்பங்கள் நம் காலனியிலும் உண்டு.

தந்தையார் கட்டிய அபராதத்தின் ரசீது, பாட்டியாரின் தகரப் பெட்டியில் மணியார்டர் துண்டுகளோடு இன்னும் இருக்கிறது.