சிவப்பு இளவரசர் சுபானுவோங்

லாவோஸ் உள்நாட்டுப் போரில் முடியாட்சிக்கு எதிரான பாதெட் லாவோ இயக்கத்தின் முகமாக விளங்கியவர் சுபானுவோங் (1909–1995). இவர் அரச குடும்பத்தில் பிறந்தவர். அதனால் மேற்கத்திய இதழ்கள் இவரைச் 'சிவப்பு இளவரசர்' என்று அழைத்தன.

இவரது தந்தை பூன்கோங், லுவாங் பிரபாங் அரசின் உபராஜா, அதாவது அரசருக்கு அடுத்த நிலையில் இருந்தவர். தாய் சாதாரணக் குடும்பத்துப் பெண். பட்டத்து வழியில் வந்த மூத்த சகோதரர்களான பெட்சராத், சுவன்னா பூமா ஆகியோருக்குக் கிடைத்த மதிப்பு இவருக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. இவரது கலகத்திற்கு இதுவே காரணம் என்று சொல்வோர் உண்டு. அது அரைகுறை விளக்கம். பாரிசில் கட்டடப் பொறியியல் படித்துத் திரும்பிய இவர், வியட்நாமில் பிரெஞ்சு அரசின் பொறியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். வியட்நாமியப் பெண்ணை மணந்தார். குடியேற்ற ஆட்சியை உள்ளிருந்தே பார்த்த அந்த ஆண்டுகளும், பின்னர் ஹோ சி மின்னுடன் ஏற்பட்ட தொடர்புமே இவரை மாற்றின.

1946 மார்ச்சில் பிரெஞ்சுப் படைகள் தாக்கெக் நகரைத் தாக்கின. படகில் மெகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குத் தப்பிய சுபானுவோங், விமானத் தாக்குதலில் படுகாயமடைந்தார். 1949-இல் நாடு கடந்த லாவோ இசரா அரசு கலைந்தபோது சுவன்னா பூமா தாயகம் திரும்பிச் சமரசம் செய்துகொண்டார். தம்பியோ வியட்நாம் எல்லைக் காடுகளுக்குப் போனார்.

1954 ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணிக்க இந்தியாவின் தலைமையில் பன்னாட்டு ஆணையம் அமைந்தது. 1957-இல் அண்ணன் பிரதமராக இருந்த கூட்டணி அரசில் தம்பி அமைச்சரானார். அடுத்த ஆண்டு நடந்த துணைத் தேர்தலில் இடதுசாரிகளும் அவர்களது கூட்டாளிகளும் 21 இடங்களில் 13-ஐ வென்றனர். இந்த வெற்றியே வினையாயிற்று. அமெரிக்கா உதவியை நிறுத்தியது, அரசு கவிழ்ந்தது, 1959-இல் சுபானுவோங் சிறையில் அடைக்கப்பட்டார். 1960 மே மாதம், காவலர்களையே தம் பக்கம் இழுத்து, அவர்களுடன் சேர்ந்து தப்பினார்! பின்னர் காடு மலைகளைக் கடந்து வடகிழக்கில் உள்ள சாம் நுவாவை அடைந்தார்.

1962-இல் சுவன்னா பூமா, சம்பாசக் இளவரசர் பூன் ஓம், சுபானுவோங் ஆகிய மூவரும் சேர்ந்து அமைத்த கூட்டணியும் ஓராண்டுகூட ஒழுங்காக ஓடவில்லை. அதன் பின் பாதெட் லாவோ தலைவர்கள் வியங்சாய் குகைகளில் வாழ்ந்தனர். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்நாட்டின் மீது 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியது. வெடிக்காத குண்டுகள் இன்றும் வயல்களில் கிடக்கின்றன.

1975 டிசம்பர் 2-இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டு, சுபானுவோங் முதல் குடியரசுத் தலைவரானார். உண்மையான அதிகாரம் கட்சித் தலைவர் கைசோன் பொம்விகானிடமே இருந்தது. பதவி இழந்த மன்னர் சவாங் வத்தனா 1977-இல் கைதாகி, வடகிழக்கு முகாமில் இறந்தார். தன் குலத்தின் தலைவரையே காவலில் வைத்த அரசின் தலைவராக இளவரசர் இருந்தார் என்பதை இவரது வரலாற்றிலிருந்து நீக்க இயலாது. சுவன்னா பூமாவோ வியஞ்சானிலேயே தங்கி 1984-இல் காலமானார்.

உடல்நலக் குறைவால் 1986-இல் பொறுப்புகளிலிருந்து ஒதுங்கிய சுபானுவோங், 1991-இல் முறைப்படி பதவி விலகி, 1995 ஜனவரி 9-இல் மறைந்தார்.