அப்பன் சொத்தும் பாஷ்ஆர்சியும்

சித்தப்பா கடையில நான் அசிங்கப்பட்ட கதையை முதல்ல சொல்லிடறேன். 2007, தீபாவளி முடிஞ்சு சிவகாசியே காலண்டர் வேலையில இருந்த நேரம். திருத்தங்கல் ரோட்டுல அவருக்கு ஒரு சின்ன டிடிபி கடை. விண்டோஸ்ல வைரஸ் தொல்லை தாங்காம "ஏதாச்சும் பண்ணுடா"ன்னாரு. உபுண்டு போட்டு, தமிழ்ல அடிக்க ஸ்கிம் நிறுவி, டெர்மினல்ல இருந்து ஓப்பன் ஆபீஸைத் திறந்து "சிவகாசி"ன்னு அடிச்சுக் காட்டிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறிட்டேன்.

மறுநாள் காலைல போன். "டேய், மெனுவுல தொறந்தா இங்கிலீஷ்தான்டா வருது, பார்ட்டிக்கு லெட்டர் போகணும்!" சாயங்காலம் போனா, பழையபடி விண்டோஸ் ஓடிட்டிருக்கு. சித்தப்பா ஒண்ணும் சொல்லல, டீ மட்டும் வாங்கித் தந்தார் (அதுதான் ரொம்ப வலிச்சது).

ஸ்கிம்மைக் கூப்பிடச் சொல்ற ஜிடிகே_ஐஎம்_மாட்யூல் என்ற சூழல் மாறியை நான் பாஷ்ஆர்சி கோப்புல எழுதியிருந்தேன். தப்பு அங்கதான்.

சூழல் மாறி அப்பன் சொத்து மாதிரி. பிள்ளைக்கு வரும், பங்காளிக்குப் போகாது. 1979ல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புல இது வந்தப்போ சிக்கலே இல்லை. லாகின் பண்ணா ஷெல். எல்லா புரோகிராமும் அதுக்குப் பிள்ளைங்க. 1988ல் எக்ஸ்11ஓட எக்ஸ்டிஎம் வந்து படம் போட்டு பாஸ்வேர்டு கேட்க ஆரம்பிச்சதும் குடும்பமே மாறிப்போச்சு. செஷன்தான் இப்போ அப்பன். மெனுவும் டெர்மினலும் அதோட வாரிசுங்க. ஷெல்லோ டெர்மினலுக்குப் பிறந்த பேரப்பிள்ளை. பேரன் பையில போட்ட காசு மெனு வழியா வர்ற ஓப்பன் ஆபீஸுக்கு எப்படிப் போகும்?

சரி, வேற எங்க எழுதணும்? இதுக்கு ஆளாளுக்கு ஒரு பதில். டெபியன் வகையறாவுல எக்ஸ்செஷன்ஆர்சி கோப்பு. மேக்ல என்விரான்மென்ட்.பிலிஸ்ட்னு ஒண்ணு இருந்தது, 2012ல் மவுண்டன் லயன் அதைத் தூக்கிடுச்சு. 2017ல் சிஸ்டம்டி 233 தன் பங்குக்கு என்விரான்மென்ட்.டி கொண்டுவந்தது. விண்டோஸ் என்டி ஆரம்பத்துலயே இதை ரெஜிஸ்ட்ரியில வச்சுட்டதால சிவகாசி டிடிபி ஆளுங்க யாருக்கும் இந்தத் தலைவலியே தெரியாது. இந்த ஒரு விஷயத்துல மைக்ரோசாஃப்ட்டைப் பாராட்டித்தான் ஆகணும், வேற வழியில்லை.

எங்க எழுதினாலும் லாக்அவுட் பண்ணி உள்ள வரணும். ஏற்கனவே ஓடறதுக்குப் புதுச் சொத்து சேராது. அன்னிக்கு அந்த ஒரே வரியை செஷன் படிக்கற கோப்புல போட்டு, ஒரு தடவை வெளிய போய் வந்திருந்தா கதை வேற.

2012ல் வந்த க்னோம் 3.6, ஐபஸ்ஸை உள்ளேயே சேர்த்துக்கிச்சு. தமிழுக்குன்னு அந்த வரியே எழுத வேண்டியதில்லாம போச்சு. சித்தப்பாகிட்ட சொன்னேன். "வேணாம்டா"ன்னுட்டார்.