பழைய பஸ்ஸை வீடாக்கினால் ஏர் பிரேக் ஏன் மக்கர் செய்கிறது? கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஓய்வு கொடுக்கப்பட்ட மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்துகளை விலைக்கு வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், சமையல் மேடை, குளியலறை என்று வீடாக மாற்றிக்கொள்கிறவர்கள் பலர். இந்த வண்டிகளுக்கு 'ஸ்கூலி' என்று செல்லப் பெயரே உண்டு. உள்ளே மரவேலை, பெயிண்ட் எல்லாம் பளபளப்பாக இருக்கும். ஆனால் வண்டியைக் கிளப்பும்போது ஏர் ஏறாது. அல்லது இரவு நிறுத்திவிட்டு காலையில் வந்து பார்த்தால் ஏர் மொத்தமும் இறங்கியிருக்கும்.

இது ஏன் நடக்கிறது? எதை முதலில் பார்க்க வேண்டும்? எதைத் தொடவே கூடாது?

ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

நம்மூர் அரசுப் பேருந்து ஸ்டாப்பில் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அதே ஏர் பிரேக்தான். இன்ஜினோடு ஓடும் கம்ப்ரசர், காற்றை அழுத்தி டேங்குகளில் நிரப்புகிறது. டிரைவர் மிதிக்கும் பெடல் வெறும் வால்வுதான். மிதித்ததும் டேங்கில் இருக்கும் காற்று, சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிரேக் சேம்பருக்குப் போகும். அங்குள்ள ரப்பர் டயாஃப்ரம் ஒரு ராடைத் தள்ளும். அது கேமைத் திருப்ப, பிரேக் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும்.

பார்க்கிங் பிரேக் இதற்கு நேர் எதிர். பின்சக்கர சேம்பருக்குள் ஒரு முரட்டு ஸ்பிரிங் இருக்கிறது. அது எப்போதும் பிரேக்கைப் பிடிக்கவே பார்க்கும். அதை அமுக்கி வைத்து வண்டியை நகர விடுவது காற்று. காற்று போய்விட்டால் ஸ்பிரிங் தானாகவே பிரேக் போட்டுவிடும்.

அப்படியானால் ஏர் இறங்கினாலும் பாதுகாப்புதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அழுத்தம் 60 பிஎஸ்ஐக்குக் கீழே போவதற்கு முன்பே எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ வந்துவிட வேண்டும். ஆனால் ஸ்பிரிங் பிரேக் முழுதாகப் பிடிப்பது 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள்தான். இடைப்பட்ட நேரத்தில் மிதித்தாலும் போதுமான பிடி இருக்காது, ஸ்பிரிங்கும் முழுதாக வந்திருக்காது. அதனால்தான் பஸ்ஸர் அடித்தால் 'வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று ஓட்டக் கூடாது. பிரேக் இருக்கும்போதே ஓரங்கட்டிவிட வேண்டும்.

வீடாக மாற்றிய பஸ்ஸில் மட்டும் ஏன் அதிகத் தொல்லை?

* பள்ளிப் பேருந்து தினமும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. வீடாக மாறியபின் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. டேங்கில் தண்ணீர் தேங்கும், ரப்பர் காயும், ஷூ துருவேறி டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.
* தரையில் பலகை அடிக்கும்போது, கீழே ஓடும் நைலான் ஏர் டியூபில் ஸ்குரூ இறங்கிவிடும். வெல்டிங் சூட்டில் டியூப் உருகுவதும் உண்டு.
* ஏர் ஹாரன், ஏர் சீட் போன்றவற்றுக்கு பிரேக் டேங்கிலிருந்தே லைன் இழுத்துவிடுவார்கள். நடுவில் பாதுகாப்பு வால்வு இல்லையென்றால், ஹாரனில் ஏற்படும் கசிவு பிரேக் காற்றையும் சேர்த்துக் காலி செய்யும்.
* தண்ணீர் டேங்க், பேட்டரி, கட்டில் என்று எடை கூடும். எடை கூடினால் பிரேக் பார்க்க வேண்டிய வேலையும் கூடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வண்டியை ஓட்ட வணிக ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. அதாவது ஏர் பிரேக் பற்றி ஒரு கேள்விக்குக்கூட பதில் எழுதாத ஒருவர், 10 டன் அளவுக்கு எடையுள்ள பஸ்ஸை மலைப்பாதையில் இறக்கலாம்.

சோதிப்பது எப்படி?

அமெரிக்காவில் வணிக ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் சோதனை இது. செலவே இல்லை. கடிகாரம் இருந்தால் போதும்.

1. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது.
2. இன்ஜினை ஓட்டி ஏர் ஏற்ற வேண்டும். இயக்க வேகத்தில் 85-லிருந்து 100 பிஎஸ்ஐக்கு 45 விநாடிக்குள் ஏற வேண்டும். சுமார் 125-ல் கம்ப்ரசர் நிரப்புவதை நிறுத்த வேண்டும். அழுத்தம் சுமார் 100-க்கு இறங்கியதும் மறுபடி தொடங்க வேண்டும்.
3. முழு அழுத்தத்தில் இன்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, ஒரு நிமிடம் கேஜைக் கவனிக்க வேண்டும். 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது.
4. அடுத்து பெடலை அழுத்தி மிதித்தபடி ஒரு நிமிடம். 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது.
5. பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்து காற்றைக் குறைக்க வேண்டும். 60-க்குள் போவதற்கு முன் எச்சரிக்கை வருகிறதா, 20 முதல் 45-க்குள் பார்க்கிங் பட்டன் தானாக வெளியே தள்ளப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த அறிகுறிக்கு என்ன காரணம்?

ஏர் மெதுவாக ஏறுகிறது அல்லது ஏறவே இல்லை: முதலில் டேங்குக்கு அடியில் உள்ள டிரெய்ன் வால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஏர் டிரையருக்கு அடியிலிருந்து நிற்காமல் காற்று வந்தால், அதன் வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் கவர்னர், கடைசியாக கம்ப்ரசர். விலை அதிகமான கம்ப்ரசரை முதலிலேயே மாற்றிவிட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு.

மிதித்தால் மட்டும் ஏர் இறங்குகிறது: ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் ஒவ்வொரு சக்கரமாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தம் வரும் சக்கரத்தின் டயாஃப்ரம் அல்லது ஹோஸ் போயிருக்கலாம். இணைப்புகளில் சோப்புத் தண்ணியைத் தடவினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும்.

பார்க்கிங் பிரேக்கை விடுவித்தால் கசிகிறது, போட்டால் நின்றுவிடுகிறது: பலரைக் குழப்புவது இதுதான். பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில் உள்ள ரிலே வால்விலிருந்து சத்தம் வரும். அந்த வால்வை மாற்றினாலும் சத்தம் நிற்காது. காரணம், ஸ்பிரிங் சேம்பருக்குள் சீல் போய், காற்று பின்னோக்கி வந்து வால்வு வழியாக வெளியேறுகிறது. பார்க்கிங் போட்டிருக்கும்போது ஸ்பிரிங் பக்கத்தில் காற்றே இருக்காது என்பதால், நின்ற வண்டியில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது.

டேங்கைத் திறந்தால் தண்ணீர் அல்லது எண்ணெய் வருகிறது: தண்ணீர் நிறைய வந்தால் ஏர் டிரையர் வேலை செய்யவில்லை. குளிர்காலத்தில் இந்தத் தண்ணீர் லைனில் உறைந்து வால்வை அடைத்துவிடும். எண்ணெய் நிறைய வந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம்.

ஏர் முழுதாக இருக்கிறது, ஆனால் சக்கரம் சுழலவில்லை: நீண்ட நாள் நின்றதில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதித்து முரட்டுத்தனமாக இழுத்தால் லைனிங் பெயர்ந்து வந்துவிடும்.

சத்தமே போடாத ஆபத்து எது?

கசிவு சத்தம் போடும், கேஜிலும் தெரியும். ஆனால் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்தால் இரண்டிலும் தெரியாது. ஷூ தேயத் தேய ராட் நீளமாக வெளியே வர வேண்டியிருக்கும். வழக்கமான 'டைப் 30' சேம்பரில் இது 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மலை இறக்கத்தில் டிரம் சூடேறி விரியும்போது ராட் இன்னும் தள்ள வேண்டும், ஆனால் தள்ள இடம் இருக்காது. காரில் பெடல் தொய்ந்து போய் நம்மை எச்சரிக்கும். ஏர் பிரேக்கில் பெடல் கடைசி வரை ஒரே மாதிரிதான் இருக்கும்.

இப்போதைய வண்டிகளில் இந்த இடைவெளியைச் சரிசெய்ய ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர் இருக்கிறது. அது தளர்ந்தால் ஸ்பேனர் போட்டுத் திருகிவிடுவது பலரின் வழக்கம். 2003-ல் பென்சில்வேனியாவின் கிளென் ராக்கில் பிரேக் பிடிக்காமல் ஓடிய டிப்பர் லாரி கார்கள் மீது மோதி உயிர்ப்பலி ஏற்பட்டது. அதை விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், இந்தப் பழக்கத்தின் ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டிய பாகம் தளர்கிறது என்றால் அதிலோ மற்ற பிரேக் பாகத்திலோ கோளாறு இருக்கிறது. கையால் திருகினால் கோளாறு கொஞ்ச நாளைக்கு மறையும், தீராது.

எதைத் தொடவே கூடாது?

ஸ்பிரிங் பிரேக் சேம்பரை யாரும் வீட்டில் பிரிக்கக் கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே கொல்லும். கட்டை கொடுக்காமல், ஏர் இருக்கும்போது பஸ்ஸுக்கு அடியில் போகவும் கூடாது. தேய்ந்த ஷூ, டயாஃப்ரம், வால்வு மாற்றுவதெல்லாம் கனரக வாகன மெக்கானிக் வேலை.

உரிமையாளர் செய்ய வேண்டியவை எளிமையானவை: டேங்கில் தண்ணீரை அடிக்கடி வடிப்பது, நிற்கும் வண்டியை அவ்வப்போது கொஞ்ச தூரமாவது ஓட்டுவது, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு மேலே சொன்ன சோதனையைச் செய்வது, இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் முன்கூட்டியே குறைந்த கியருக்கு மாறுவது. சோதனையில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு வண்டி நகரக் கூடாது.