புகை எல்லாருக்கும் ஒன்றல்ல: கலிமந்தானின் கால்வாய்கள் சொல்லும் கதை

"புகைக்கு எல்லை இல்லை" எண்டு சொல்லுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காற்று என்ன, கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டா போகிறது? ஆனால் தென்கிழக்காசியாவின் காட்டுத்தீப் புகையின் வரலாற்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், இந்த வசனம் பாதிதான் உண்மை என்று விளங்கும். புகை எல்லை தாண்டும். ஆனா எல்லார் நெஞ்சிலும் ஒரே மாதிரி இறங்காது.

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்று மாசுச் சுட்டெண் 401 ஆனது. 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது கணக்கு. புகைக்குள் மறைந்த கட்டடங்களின் படங்கள் உலகம் முழுக்கப் போயின. இரண்டு வருடம் கழித்து, 2015 இல், இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான் மாகாணத் தலைநகரான பலங்கராயாவில் அதே மாதிரியான சுட்டெண் 2000-ஐத் தாண்டியது. சிங்கப்பூர் எல்லாருக்கும் தெரியும். பலங்கராயா என்ற பெயரை எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

கலிமந்தான் என்பது போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதி. அங்கே பெரும்பரப்பு நிலம் சாதாரண மண் இல்லை. ஆயிரக்கணக்கான வருடங்களாக விழுந்த இலையும் மரமும் தண்ணீருக்குள் முழுதாக உக்காமல் மீற்றர் கணக்கில் படிந்து உருவான சதுப்பு நிலம். ஆங்கிலத்தில் 'பீற்' என்பார்கள். அங்குள்ள தயாக் மக்கள் காலங்காலமாக எங்கட சேனைப் பயிர்ச்செய்கை போலவே சிறு துண்டு நிலங்களை எரித்து நெல் விதைத்தவர்கள். நெருப்பு அவர்களுக்குப் புதிசில்லை. ஆனா ஈரமாய் இருக்கும்வரை அந்தச் சதுப்பு நிலம் லேசில் பற்றாது.

அந்த ஈரத்தைப் போக்கியது ஓர் அரச முடிவு. 1995 இல் ஜனாதிபதி சுகார்த்தோ, மத்திய கலிமந்தானில் சுமார் 10 இலட்சம் ஹெக்டேயர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக்கும் திட்டத்தை அறிவித்தார். தண்ணீரை வடிக்க 4000 கிலோமீற்றருக்கும் கூடுதலான கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஜாவாவில் இருந்து ஏழைக் குடும்பங்கள் கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. எதிர்பார்த்த நெல் விளையவில்லை. நிலம் மட்டும் காய்ந்தது.

1997 இல் எல் நினோ வறட்சி வந்தது. சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் முள்தேங்காய்த் தோட்டங்களுக்காகவும் கடதாசி மரத் தோட்டங்களுக்காகவும் காடு எரித்துக்கொண்டிருந்த காலம் அது. மலிவான வழி நெருப்புத்தான். காய்ந்த சதுப்பு நிலத்தில் நெருப்பு நிலத்துக்குக் கீழேயும் போகும். சுவாலை இல்லாமல் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அப்படி எரிவதில்தான் நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகள்கள் அதிகம் வெளிவரும். அடுத்த வருடம் சுகார்த்தோ பதவி விலகினார், திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்கள் அப்படியே கிடந்தன.

அந்தப் புகை யாரைக் கொன்றது? பொருளியலாளர் சீமா ஜெயச்சந்திரன் இதை 2000 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பில் தேடினார். இறந்தவர்களின் பட்டியல் இல்லாத இடத்தில், இருந்திருக்க வேண்டிய ஆனால் இல்லாமல் போன பிள்ளைகளைக் கணக்கிட்டார். வந்த தொகை சுமார் 15,600. பெரும்பாலும் தாயின் வயிற்றில் இருக்கும்போது புகை தாக்கிய பிள்ளைகள். ஏழைப் பகுதிகளில் பாதிப்பு இன்னும் கூட. அதே புகைதான். ஆனா வறுமையும் ஏற்கெனவே விறகடுப்புப் புகையைச் சுவாசித்த நெஞ்சும் இருந்த இடத்தில் அது வேறு மாதிரி வேலை செய்தது. பிழைத்தவர்களைப் பின்தொடர்ந்த பின்னைய ஆய்வொன்று, கருவில் புகைக்கு உட்பட்டவர்கள் வளர்ந்தபோது சுமார் 3 சென்ரிமீற்றர் உயரம் குறைந்திருந்ததைக் காட்டியது. புகை போய்விட்டது, உடம்பில் அதன் கணக்கு நின்றுவிட்டது.

2015 தீக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மதிப்பீட்டில், அந்தப் புகையால் அகால மரணம் அடைந்தோர் சுமார் 1,00,300 பேர். இதில் சிங்கப்பூரில் 2,200, மலேசியாவில் 6,500. இந்தோனேசியாவில் 91,600. இந்தோனேசிய அரசு இந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. அதே வருடம் அந்நாட்டின் துணை ஜனாதிபதி யூசுப் கல்லா, பதினொரு மாதம் எங்கள் நல்ல காற்றை அனுபவிக்கும் அயலவர்கள் ஒரு மாதப் புகைக்குக் குறைப்படுகிறார்கள் என்ற கருத்தில் பேசியிருந்தார். அயல்நாடுகளோடு வாக்குவாதம் நடந்தது. அந்த வாக்குவாதத்தில் பலங்கராயாக்காரருக்கு இடமே இல்லை.

அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2016 இல் மத்திய கலிமந்தான் பிரசைகள் சிலர் ஜனாதிபதி உட்பட அரச அதிகாரிகள் மீது வழக்குப் போட்டார்கள். பணம் கேட்கவில்லை. புகையால் நோயுற்றோருக்கு இலவச சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி, புகை புகாத பாதுகாப்பிடங்கள், இப்படியான விசயங்களைத்தான் கேட்டார்கள். 2017 இல் வென்றார்கள். 2019 இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2022 இல் அரசின் மீளாய்வு மனுவை ஏற்று அதே நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. இதற்கிடையில், எரிக்கத் தடை என்று சொல்லி சேனை எரித்த விவசாயிகளும் கைதானார்கள்.

1997 செப்ரெம்பரில் பலங்கராயாவில் பிறந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பிறந்தபோது புகை. 2002 இல், ஐந்து வயதில் புகை. 2006 இல் ஒன்பது வயது. 2015 இல் பதினெட்டு. 2019 இல் இருபத்திரண்டு. இதை வாசிக்கும் கனபேரின் வயதுதான் அந்தப் பிள்ளைக்கும்.

சிங்கப்பூரில் புகை ஒரு சம்பவம். அங்கே அது ஒரு வாழ்க்கை வரலாறு. வறட்சி இயற்கை கொண்டுவந்தது. அந்தக் கால்வாய்களை இயற்கை வெட்டவில்லை.