கடை வாசலில் இல்லாத அறிவிப்பு

ஒரு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. ஹியூஸ்டனிலிருந்து வந்திருந்த என் மாமா மகனைத் தேக்காவுக்குக் கூட்டிப் போனேன். சிராங்கூன் சாலையில் நடக்கவே இடமில்லை. முஸ்தபா வாசலில் காவலர் என் பையின் ஜிப்பைப் பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். இவன் கதவையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா தேடுற?"

"பழக்கதோஷம் அத்தான். எங்க ஊர்ல கடைக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி துப்பாக்கி போர்டு இருக்கான்னு கண்ணு தானா தேடும்."

டெக்சஸ் சட்டத்தில் 30.06, 30.07 என்று இரண்டு பிரிவுகள். உரிமம் வைத்திருப்பவர் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துவரக் கூடாது என்று கடைக்காரர் நினைத்தால் முதல் பிரிவின்படியும், வெளியே தெரியும்படி எடுத்துவரக் கூடாது என்றால் இரண்டாவதன்படியும் வாசலில் அறிவிப்பு வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே பெரும்பாலானவர்களுக்கு உரிமமே தேவையில்லை. நியூயார்க்கில் கதை வேறு. வெளியே துப்பாக்கி எடுத்துச்செல்லத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற அதன் பழைய விதியை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உடனே அந்த மாநிலம் பூங்கா, சுரங்க ரயில், திரையரங்கு, டைம்ஸ் சதுக்கம் என்று எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்பதற்கு ஒரு பட்டியல் போட்டது.

"இங்க எந்தக் கடையிலயும் போர்டு இல்லையே, அப்ப கொண்டு வரலாமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி மனசில் உட்கார்ந்துகொண்டது. ஏன் போர்டு இல்லை?

சிங்கப்பூரில் ஆயுத உரிமம் பற்றிய பழைய சட்டம் 1913-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் அரசு போட்டது. யார் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதை உரிமம் தீர்மானிக்கும். இரண்டே வருடத்தில் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனை வந்தது, உரிமம் இல்லாதவர்களிடமிருந்து அல்ல, அரசே துப்பாக்கி கொடுத்து வைத்திருந்தவர்களிடமிருந்து. 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நேரம். அலெக்சாண்டிரா முகாமில் இருந்த ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். வட இந்திய முஸ்லிம்கள். துருக்கிக்கு எதிராகச் சண்டையிட அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தி படையில் பரவியிருந்தது. கிளர்ச்சி அடங்கிய பிறகு 47 பேரை அவுட்ரம் சிறை மதிலுக்கு வெளியே, கூட்டம் பார்த்திருக்கச் சுட்டுக்கொன்றார்கள்.

அதற்கு அடுத்து நடந்ததைப் பலரும் கவனிப்பதில்லை. சிங்கப்பூரில் குடியிருந்த இந்தியர்கள் அனைவரும் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. சிராங்கூன் சாலையில் மாட்டுத் தொழுவம் வைத்திருந்தவர், செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் எல்லாரும் ஒரே கணக்கு. அவர்கள் துப்பாக்கியைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். சுட்டவன் யாரோ, வரிசையில் நின்றவன் வெறுங்கையன்.

இரண்டாவது தேதி சுதந்திரத்துக்குப் பிந்தையது. எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே துப்பாக்கிக் கொள்ளையர்கள் நிஜமாகவே இருந்தார்கள். போலீஸ்காரரைக் கொன்றுவிட்டு வருடக்கணக்கில் தப்பித் திரிந்த லிம் பான் லிம் 1972 நவம்பரில் குவீன்ஸ்டவுனில் சுட்டு வீழ்த்தப்பட்டான். அடுத்த ஆண்டே ஆயுதக் குற்றச் சட்டம் வந்தது. 1974 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில் இடப் பட்டியல் எதுவும் இல்லை. கோயிலா, கடையா, காப்பிக்கடையா என்று அது கேட்பதில்லை. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால், சுட முயன்றால்கூட, மரணம். குண்டு யார்மேலும் படாமல் போனாலும் சரி. அந்த நோக்கம் இருந்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது சுட்டவன் பாடு.

2006 பிப்ரவரியில் சிராங்கூன் அவென்யூ 4-இல் ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஆறு முறை சுட்டு ஒருவரைக் கொன்ற டான் சோர் ஜின் கொலைக் குற்றத்துக்காக அல்ல, இந்தச் சட்டத்தின்படிதான் தண்டிக்கப்பட்டான். 2009 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். ஒரு நாற்காலியைத் தூக்கி எறிந்ததால் தற்காப்புக்குச் சுட்டேன் என்று அவன் சொன்னது எடுபடவில்லை.

இது வரைக்கும் எனக்குச் சங்கடம் குறைவு. ஐந்தாம் பிரிவுக்கு வரும்போதுதான் தொண்டையில் சிக்குகிறது. குற்றம் நடந்த இடத்தில் கூட இருந்தவனுக்கும் மரணம்தான். கூட்டாளி துப்பாக்கி வைத்திருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று கருத இடமிருந்தால் போதும். தடுக்க எல்லா முயற்சியும் செய்தேன் என்று அவனே நிரூபித்தால்தான் தப்பலாம். 2012-இல் சில வகைக் கொலை, போதைப்பொருள் வழக்குகளில் தூக்கா ஆயுளா என்று தெரிவு செய்யும் இடத்தை நீதிபதிகளுக்குக் கொடுத்தார்கள். துப்பாக்கி வழக்குகளுக்கு அது கிடைக்கவில்லை. இங்கேயும் வெறுங்கையன் ஒருவன் நிற்கிறான்.

தேசிய சேவையில் நானும் துப்பாக்கி பிடித்தவன். சுடுதளத்தில் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் அதிகாரி முன்னால் நின்று, பைகளைத் திறந்து காட்டி, என்னிடம் குண்டோ வெற்றுக் கூடோ எதுவும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு வெற்றுக் கூடு குறைந்தாலும் எல்லாரும் புல்லில் குனிந்து தேடுவோம். லட்சக்கணக்கான ஆண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஒருத்தனையும் துப்பாக்கியோடு வீட்டுக்கு அனுப்பாத நாடு இது.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தனியார் பேருந்துக்கு அடியில் சிக்கித் தமிழகத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கூட்டம் கொதித்தது. போலீஸ் வாகனங்களும் ஆம்புலன்சும் எரிந்தன. வந்த போலீஸ்காரர்கள் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. அன்றிரவு ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. கூட்டத்தில் எவனிடமாவது துப்பாக்கி இருக்கும் என்று நினைக்க அவர்களுக்குக் காரணம் இல்லை என்பதும் இதற்கு உதவியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். எதிரே இருப்பவன் இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஊரில் அந்த இரவு எப்படி முடிந்திருக்கும்?

ஆனால் 1915-இன் வாசனை அதற்குப் பிறகு கொஞ்சம் அடித்தது. கலவரத்தில் ஈடுபட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். வேறு 50-க்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். அதோடு நிற்கவில்லை. லிட்டில் இந்தியா தனிச் சட்டத்துக்குள் வந்தது. 2015-லிருந்து அது மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம். வார இறுதியில் பொது இடத்தில் உட்கார்ந்து ஒரு பீர் குடிக்க முடியாது. கல்லைத் தொடாதவருக்கும் அதே விதி.

அன்று முஸ்தபாவிலிருந்து வெளியே வரும்போது மணி பதினொன்று தாண்டியிருந்தது. புல்வெளிப் பக்கம் போனோம். தொழிலாளர்கள் வட்டமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் திடீரென்று நின்றான்.

"அத்தான், இங்க ஒரு போர்டு இருக்கு பாருங்க."

மது அருந்தக் கூடாது என்ற அறிவிப்பு. அதைப் படம் எடுத்துக்கொண்டு, "பரவால்ல, எங்க ஊர் போர்டுக்கு இது எவ்வளவோ மேல்" என்றான். நான் மறுக்கவில்லை. அந்தப் போர்டு யாருக்காக அங்கே நிற்கிறது என்பதை மட்டும், எம்ஆர்டி வரை நடக்கும்போது, அவனுக்கு விளக்கிச் சொன்னேன்.