தீருவின் கூலி: எசேக்கியேல் 26, 29ஆம் அதிகாரங்களில் நிறைவேறாத சொல்லும் விசுவாசமும்

எசேக்கியேலின் நூலில் காலக்குறிப்புகள் பெரும்பாலும் வரிசை தவறாமல் வருகின்றன. எகிப்தைப் பற்றிய 29 முதல் 32 வரையான அதிகாரங்களில் ஓரிடத்தில் மட்டும் அந்த வரிசை வெளிப்படையாகக் குலைகிறது. 29:1 பத்தாம் ஆண்டு. 30:20, 31:1 இரண்டும் பதினோராம் ஆண்டு. 32:1 பன்னிரண்டாம் ஆண்டு. இவற்றின் நடுவே 29:17 இருபத்தேழாம் ஆண்டு, முதல் மாதம், முதல் தேதி என்கிறது. யோயாக்கீன் ராஜா சிறைபிடிக்கப்பட்ட கி.மு. 597இலிருந்து கணக்கிட்டால் இது கி.மு. 571. எசேக்கியேல் நாள் குறித்துச் சொன்ன வாக்குகளில் மிகவும் பிந்தியது இதுதான். நூலைத் தொகுத்தவர்கள் இதைக் கடைசியில் சேர்த்திருக்கலாம்; சேர்க்காமலே விட்டிருக்கலாம். தீருவுக்கு எதிரான வாக்குகள் முடிந்து சற்றே தள்ளி, படிப்பவர் தவறவிடவே முடியாத இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். புரியாத தீர்க்கதரிசனத்தின் முன்னால் விசுவாசம் எப்படி நிற்கும் என்ற கேள்விக்கு, வேதத்திற்குள்ளேயே கிடைக்கும் மிகத் தெளிவான பதில் இந்த இடத்தேர்வில் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் 26ஆம் அதிகாரம். அதன் தேதி பதினோராம் ஆண்டு. எருசலேம் விழுந்ததை ஒட்டிய காலம். பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் குதிரைகளோடும் இரதங்களோடும் வருவான், மண்மேடு போடுவான், மதில்களை இடிப்பான், தீரு வெறும் பாறையாகி வலை உலர்த்தும் இடமாகும், இனி ஒருபோதும் கட்டப்படாது என்று அந்த வாக்கு சொல்கிறது. அதில் தயக்கமே இல்லை. ஆனால் நடந்தது வேறு. தீருவின் மையம் கரையிலிருந்து சுமார் அரை மைல் தள்ளிக் கடலுக்குள் இருந்த தீவு. முற்றுகை பதின்மூன்று ஆண்டுகள் நீடித்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். முடிவில் நகரம் பாபிலோனின் மேலாண்மையை ஏற்றது. பின்னாளில் தன் அரசர்களைப் பாபிலோனிலிருந்தே வரவழைத்துக்கொண்டது. ஆக, தீரு பணிந்தது. ஆனால் அழியவில்லை, கொள்ளையும் போகவில்லை.

இதை எசேக்கியேலே சொல்கிறார் என்பதுதான் முக்கியம். 29:18 ஒரு படைவீரனின் உடம்பைக் காட்டுகிறது. ஒவ்வொரு தலையும் மொட்டையாகிவிட்டது, ஒவ்வொரு தோளும் தோலுரிந்துவிட்டது. தலைச்சீராவை ஆண்டுக்கணக்கில் கழற்றாதவனின் தலை அது. மண்ணும் மரமும் சுமந்தவனின் தோள் அது. இத்தனை உழைத்தும் அரசனுக்கும் சேனைக்கும் தீருவிலிருந்து கூலி கிடைக்கவில்லை என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். அதற்கு ஈடாக எகிப்தைக் கொடுப்பேன் என்கிறார் கர்த்தர். பதினோராம் ஆண்டின் சொல்லுக்கும் இருபத்தேழாம் ஆண்டின் சொல்லுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். இதற்குள் பழைய வாக்கைச் சற்றே திருத்தி எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. திருத்தவில்லை.

பிற்கால வாசகர்களுக்கு இந்த நேர்மை போதவில்லை. கி.மு. 332இல் அலெக்சாண்டர் கரையிலிருந்த பழைய தீருவின் இடிபாடுகளைக் கடலில் கொட்டிப் பாலம் அமைத்து, ஏழு மாதத்தில் தீவைப் பிடித்தார். 26:7–11இல் ‘அவன்’ என்று வருவது 12ஆம் வசனத்தில் ‘அவர்கள்’ என மாறுகிறது. அந்த ‘அவர்கள்’ கிரேக்கர்களே, ஆகவே தீர்க்கதரிசனம் எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது என்பது நெடுநாள் வாதம். பதினெட்டாம் நூற்றாண்டில் தாமஸ் நியூட்டன் போன்ற ஆங்கிலேய இறையியலாளர்கள் தீருவின் அழிவை விசுவாசத்துக்குச் சான்றாகவே எழுதினார்கள். இந்த வாதம் என்னை இணங்கவைக்கவில்லை. சேனையோடு வரும் அரசனைப் பற்றிய பேச்சில் ‘அவர்கள்’ என்பது அந்தச் சேனையைக் குறிப்பதே இயல்பு. அலெக்சாண்டருக்குப் பின் இருபது ஆண்டுகள்கூட ஆகுமுன் அவருடைய தளபதிகளில் ஒருவரான ஆன்டிகோனஸின் படையை அதே நகரம் ஓராண்டுக்கும் மேலாக எதிர்த்து நின்றது. இயேசு தீருவின் எல்லைகளுக்குப் போனதை மாற்கு எழுதுகிறார். பவுல் அங்கே சீஷர்களோடு ஏழு நாள் தங்கினார், குழந்தைகள் முதலாகக் குடும்பங்கள் கடற்கரைவரை வந்து அவரை வழியனுப்பின. இன்றும் லெபனானில் சூர் என்ற பெயரில் மக்கள் வாழும் ஊர் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, எசேக்கியேலே கைவிட்ட வெற்றியை அவர் சார்பில் நாம் மீட்டுக்கொடுக்க முயல்வது அவரைக் கேட்க மறுப்பதாகும்.

அப்படியானால் உபாகமம் 18:22 என்ன ஆகிறது? சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்பது அதன் அளவுகோல். அதைத் தனியாக எடுத்துக்கொள்பவர்கள் எசேக்கியேலைப் பொய்த் தீர்க்கதரிசி என்கிறார்கள். எரேமியா 18ஐக் காட்டி, மனந்திரும்பினால் தீர்ப்பு மாறும் என்று விடை சொல்வோரும் உண்டு. நினிவேக்கு அது பொருந்தும். தீரு மனந்திரும்பியதாக எங்கும் இல்லை. ஆகவே அந்த வழியும் இங்கே அடைபட்டதே. இருபத்தேழாம் ஆண்டின் வாக்கும் சிக்கலை முழுதாகத் தீர்ப்பதில்லை. நேபுகாத்நேச்சார் தம் ஆட்சியின் 37ஆம் ஆண்டில் எகிப்துக்கு எதிராகப் படையெடுத்ததை ஒரு சிதைந்த பாபிலோனியக் களிமண் பலகை குறிப்பிடுகிறது; ஆனால் அதே அதிகாரத்தின் முந்தைய வாக்கு (29:11–12) சொன்னபடி எகிப்து நாற்பது ஆண்டு பாழாய்க் கிடந்ததற்குச் சான்று இல்லை. கி.மு. 525இல் பாரசீகர் கைக்குப் போகும்வரை அது செழித்தே இருந்தது.

சிறையிருப்பின் மக்கள் இதையெல்லாம் அறிந்தே இந்நூலைக் காத்தார்கள். எருசலேம் விழும் என்று, யாரும் கேட்க விரும்பாத சொல்லை ஆண்டுக்கணக்காகச் சொன்னவர் எசேக்கியேல். தப்பி வந்த ஒருவன் நகரம் அழிந்ததை அறிவித்த நாளில் (33:21) அவருடைய சொல் நின்றது. தீருவைப் பற்றிய வாக்கை அவர்கள் தாங்கிக்கொண்டது இந்த அறிமுகத்தின் பலத்தில்தான் என்று கருதுகிறேன். ஒரு வாக்கின் பிசகுக்காக அவரைத் தள்ளவில்லை. அவருக்காக அந்தப் பிசகை மூடி மறைக்கவும் இல்லை.

இந்த விசுவாசத்தின் உள்ளடக்கம் 29ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. அங்கே பேசும் கடவுள், தாம் சொன்னபடி நடக்கவில்லை என்று தெரிந்தபின் மௌனமாகிவிடவில்லை. அந்நிய அரசனின் படையாட்கள், தம் பெயரையே அறியாதவர்கள், உழைத்த உழைப்புக்குக் கூலி பாக்கி இருப்பதைத் தம் கணக்கில் வைத்திருக்கிறார். உரிந்த தோள்களை எண்ணுகிற கடவுள் இவர். வரலாறு சொல்லை மீறிப்போனபோதும் வரலாற்றோடு தமக்குள்ள உறவை அவர் முறிக்கவில்லை. விசுவாசிக்கு இங்கே கிடைப்பது, முன்னறிவிப்பு பலித்தது என்ற சான்றைவிட ஆழமானது: பலிக்காத இடத்திலும் பேச்சைத் தொடர்கிற ஒருவரின் முகம். அதை நான் வெறும் ஆறுதலாகச் சொல்லவில்லை. நூலின் அமைப்பே அதைத்தான் சொல்கிறது.

நம் பிரசங்க மேடைகளிலும் வேதபாட வகுப்புகளிலும் பாறையும் வலையும் நிறைவேற்றத்தின் சான்றாக இன்னும் எடுத்துச் சொல்லப்படுகின்றன. அப்படிச் சொல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: 26ஆம் அதிகாரத்தை வாசிக்கும் அதே வகுப்பில் 29:17–20ஐயும் வாசியுங்கள். தொகுத்தவர்கள் சேர்த்து வைத்ததை நாம் பிரித்து வைக்க வேண்டாம்.